தலைக்குள் தேரை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மயிலாடுதுறையில் பி.காம். படித்துவிட்டு வங்கி வேலைக்கு வந்தவன். இப்போது இருப்பது கேரளத்தில், வித்துராவில். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குப் போகிற சாலையில் இருக்கும் சின்ன ஊர். ரப்பர், மழை, அட்டை... இந்த மூன்றுக்கும் இங்கே பஞ்சமே இல்லை.

ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அகத்தியர்கூடம் ஏறப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் போனக்காடு போய் அங்கிருந்து காட்டுக்குள் நடப்பார்கள். 1868 மீட்டர் உயரம். வருஷா வருஷம் சீசனில் வனத்துறை அனுமதிச் சீட்டோடு முதுகில் பை மாட்டிக்கொண்டு ஆட்கள் கிளம்பும்போது, நம்மூரிலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். பொதிகை மலை அல்லவா? தமிழ் முனிவர் குடியிருந்த இடம் என்று நமக்கு ஒரு உரிமை!

அந்த அகத்தியரைப் பற்றி ஒரு கதை உண்டு. உங்களில் பலருக்குப் பாட்டி சொல்லியிருப்பார். ஒரு அரசனுக்குத் தீராத தலைவலி. தூங்கும்போது மூக்கு வழியாக ஒரு தேரை உள்ளே போய் மூளையில் உட்கார்ந்துவிட்டது. அகத்தியர் கபாலத்தைத் திறந்து பார்க்கிறார். தேரை மூளையைப் பற்றிக்கொண்டிருக்கிறது, பிடித்து இழுத்தால் மூளைக்குச் சேதம். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் காட்ட, தேரை தானாகத் தண்ணீருக்குள் குதித்துவிடுகிறது. அன்றிலிருந்து அந்தச் சீடனுக்குத் தேரையர் என்று பெயர் வந்ததாம்.

இது கதைதான், வரலாறு இல்லை. புத்த சமய நூலான மகாவக்கத்திலும் இதற்கு ஒரு சொந்தக்காரக் கதை இருக்கிறது. ராஜகிருகத்து வணிகர் ஒருவருக்கு ஏழு வருடத் தலை நோய். ஜீவகர் என்கிற வைத்தியர் தலையைத் திறந்து இரண்டு புழுக்களை எடுத்துவிட்டுத் தைத்து மூடுகிறார். தேரையோ புழுவோ, தலைக்குள் வேண்டாத ஒன்று இடம் பிடித்து உட்கார முடியும் என்பதும், எடுக்கிற ஆளை விட எடுக்கிற முறை முக்கியம் என்பதும் நம் முன்னோர்களுக்கு எப்போதோ தோன்றியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூளைக் கட்டி பற்றித்தான் எழுதப் போகிறேன். காரணம் எங்கள் கிளைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர்.

பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். சேமிப்புக் கணக்கில் வட்டி எட்டு ரூபாய் குறைந்துவிட்டது என்று கவுண்டரில் அரை மணி நேரம் சண்டை போட்டவர். (கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி!) என்னை 'மேனேஜர் தம்பி' என்பார். நான் மேனேஜர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் அவர் கொடுத்த பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். கடைசியில் ஒரு 'ன்' இருக்க வேண்டிய இடத்தில் மூன்று 'ன்' இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். மறுபடி போட்டார், இந்த முறை நான்கு. "அண்ணாச்சி, சரியாப் போட்டுக் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் அதே கதை. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பணம் கொடுக்கக்கூடாது என்பது விதி, நான் விதிப்படிதான் நடந்தேன்.

ஆனால் இன்றைக்கும் உறுத்துகிற விஷயம் வேறு. அண்ணாச்சி சண்டை போடவில்லை. எட்டு ரூபாய்க்கு அரை மணி நேரம் சத்தம் போட்டவர், சொந்தப் பணத்தை இரண்டு முறை மறுத்தபோது லேசாகச் சிரித்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று எனக்கு அது நிம்மதியாக இருந்தது. 'வயசாச்சு, ஆள் பக்குவப்பட்டுட்டார்' என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அந்த அம்மா வந்து சொன்னது: "சாரே, கையெழுத்து மட்டுமா மாறிச்சு? ஆளே மாறிட்டார். பைப்பைத் திறந்தா மூட மாட்டார். பேரப்பிள்ளை அழுதாக்கூட திரும்பிப் பார்க்க மாட்டார். காலையில எந்திரிச்சா தலைவலி, சில நாள் வாந்தி. கண்ணு மங்குதுன்னு சொல்றார், கண்ணாடி மாத்தணும்."

கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி எழுதித் தரவில்லை. உடனே தலை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நெற்றிக்குப் பின்னால், மூளையை மூடியிருக்கும் உறையிலிருந்து கிளம்பிய கட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தை விடப் பெரியது.

இதன் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. உள்ளே இருப்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் மூளைக் கட்டி வைத்தியத்தின் வரலாற்றில் பெரும்பகுதி.

நம் மண்டையோட்டை ஒரு லாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு கூடவே கூடாது. உள்ளே மூன்று கணக்கு: மூளை, ரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் நீர். நான்காவதாக ஒன்று வளர்ந்தால் மற்றவை இடம் விட்டுக் கொடுக்க வேண்டும். கொஞ்ச காலம் நீரும் ரத்தமும் விட்டுக் கொடுக்கும், வெளியே எதுவும் தெரியாது. லிமிட் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று ஏறும். படுத்திருக்கும்போதும் தூக்கத்திலும் அழுத்தம் இன்னும் கூடுவதால்தான் காலைத் தலைவலியும் வாந்தியும். அந்த அழுத்தம் பார்வை நரம்பு வழியாகக் கண்ணின் பின்புறம் வரை போய் நரம்பின் முனையை வீங்க வைக்கும். அதைப் பார்க்கும் கருவியை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிமுகப்படுத்தினார். அண்ணாச்சியைக் காப்பாற்றியது 170 வருடத்துக்கும் மேலான அந்த யோசனைதான்.

ஆனால் கட்டி இருக்கிறது என்பது தெரிந்தால் போதுமா? எந்த இடத்தில் என்று தெரிய வேண்டாமா? 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் நடந்தது ஒரு பெரிய திருப்பம். 25 வயது ஸ்காட்லாந்து விவசாயி ஒருவருக்கு வலிப்பு, அதன் பிறகு இடது கை பலவீனம். எக்ஸ்ரே கூடக் கண்டுபிடிக்கப்படாத காலம். ஹியூஸ் பென்னட் என்கிற டாக்டர் எங்கே ஆரம்பித்தது, எப்படிப் பரவியது என்று அறிகுறிகளை மட்டும் வைத்து இடத்தைக் குறித்துக் கொடுத்தார். ரிக்மன் காட்லி என்ற அறுவை நிபுணர் அங்கே மண்டையோட்டைத் திறந்தார். மூளையின் மேற்பரப்பில் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் உள்ளே போனால், சொன்ன இடத்தில் கட்டி! நோயாளி பிழைத்தார், வலிப்பு நின்றது. ஆனால் காயத்தில் கிருமி தொற்றி 28ஆம் நாள் இறந்துவிட்டார். காட்லி யார் தெரியுமா? அறுவை சிகிச்சையில் கிருமி ஒழிப்பைக் கொண்டுவந்த லிஸ்டரின் சொந்த மருமகன். விதியின் விளையாட்டு என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

அதன் பிறகு உள்ளே பார்க்க ஒவ்வொரு வழியாகத் தேடினார்கள். 1918இல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி, மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். நோயாளிக்குத் தாங்க முடியாத வேதனை. 1927இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் ரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளை அறுவை செய்தார். அண்ணாச்சிக்கு வந்த மெனிஞ்சியோமா என்ற கட்டிக்கு 1922இல் அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

எல்லாம் டாக்டர்கள் கதையாகப் போகிறதே, நோயாளி பக்கம் என்ன? அதற்கும் ஒரு ஆள் இருக்கிறார். ஹங்கேரி நாட்டு நகைச்சுவை எழுத்தாளர் ஃபிரிஜெஷ் கரிந்தி. 1936 மார்ச்சில் ஒரு மாலை, புடாபெஸ்டில் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. தலைவலி, மயக்கம், பார்வை மங்கல் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் ஸ்டாக்ஹோமில் ஓலிவெக்ரோனா என்ற நிபுணர், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே அறுவை செய்தார். (மூளைக்கு வலி தெரியாது என்பது இதில் ஒரு ஆச்சரியம். தோலும் உறையும்தான் வலிக்கும்.) பிழைத்து வந்து அடுத்த வருடமே அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதிவிட்டார். மூளைக் கட்டி வந்தவர் தன் வாயாலேயே சொன்ன முக்கியமான பதிவுகளில் ஒன்று அது.

இதெல்லாம் வெளிநாடு. நம் பக்கம் எப்போது வந்தது? வளைகுடாவில் இருக்கும் நண்பர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் பஹ்ரைனில் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். பிறகு கனடா போய் மாண்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயிற்சி. திரும்பி வந்து 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருடமே, 1950இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அவர் பிறந்தது சீர்காழி, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்! இருவரும் இன்னும் இருவரோடு சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். மலையாளி தமிழ்நாட்டுக்குப் போய்த் தொடங்கிய வேலை. அதன் பலனைக் கேரளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் அனுபவித்ததை நான் பார்த்தேன்.

அவர்கள் தொடங்கிய காலத்தில் ஸ்கேன் இல்லை. காற்றும், மருந்து ஊசியும், கை விரலும், கண்ணும்தான். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மூளையில் இருக்கும் கட்டி எல்லாமே புற்று அல்ல. காசநோய்க் கட்டிகள் நிறைய. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில், நெற்றிப் பகுதியில் கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு உலகின் முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு வேலை பார்த்தது ஈ.எம்.ஐ. நிறுவனத்தில். ஆமாம், நம் வீட்டு எச்.எம்.வி. இசைத்தட்டுக்குச் சொந்தக்கார கம்பெனிதான். 1979இல் அவருக்கும் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்கேன் வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. வலிப்பு வந்த நோயாளிகளின் ஸ்கேனில் சின்ன வளையம் தெரியும். காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள். 1980களின் இறுதியில் வேலூர் டாக்டர்கள் எடுத்துச் சோதித்துப் பார்த்ததில், அவற்றில் பல நாடாப்புழுவின் இளம் பருவம் என்று தெரிந்தது. நிறையப் பேருக்குத் தானாகவே மறைந்துவிடும். ஜீவகர் கதையில் வந்த புழு ஞாபகம் வருகிறதா? அந்தக் கதை கட்டுக்கதைதான், ஆனால் மூளையில் புழு இருப்பது கட்டுக்கதை இல்லை. வீட்டில் யாருக்காவது ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்றால் உடனே இடிந்துபோய்விடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1976இல் சிகிச்சையைத் தொடங்கி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. 1981இல் மண்டலப் புற்றுநோய் மையம் வந்தது. இரண்டும் மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான். அந்த வளாகத்தில் ஒரு சுற்று நடந்தால் போதும், நாகர்கோவில் தமிழ், தென்காசித் தமிழ், நெல்லைத் தமிழ் எல்லாம் காதில் விழும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது? மாநிலம் மாறினாலும் ஆஸ்பத்திரிக்கு வரும் வழி மாறவில்லை.

அண்ணாச்சிக்கு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. கேரளத்து ஆஸ்பத்திரிகளில் முதலில் கேட்கும் கேள்வி "பைஸ்டாண்டர் யாரு?" என்பது. நோயாளியோடு துணைக்கு இருப்பவர். மருந்து வாங்க, ரத்தம் ஏற்பாடு செய்ய, ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க. மகன் துபாயிலிருந்து வந்து சேரும் வரை இரண்டு நாள் நான் பைஸ்டாண்டராக இருந்தேன். பரிகாரம் என்று சொன்னால் பெரிய வார்த்தை. ஏதோ மனசு கேட்கவில்லை.

அப்போதுதான் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தின் வேலையை நேரில் பார்த்தேன். கட்டியைச் சுற்றியிருக்கும் வீக்கத்தைக் குறைக்க 1961 முதல் பயன்பாட்டில் இருப்பது. அறுவைக்கு முன்பே இரண்டே நாளில் அண்ணாச்சி கண் விழித்துப் பார்த்து, "மேனேஜர் தம்பி, காபியில சீனி இல்ல" என்றார். அந்த அம்மா அழுதுவிட்டார். திட்டு வாங்கி இத்தனை சந்தோஷப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த இளைஞருக்கு நல்ல சேதி இல்லை. மூளைக்குள்ளேயே வேர் விட்டு வளரும் கிளையோபிளாஸ்டோமா. 2005இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது சராசரி ஆயுட்காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. இரண்டு வருடம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதம் ஆனார்கள். இரண்டரை மாதமா என்று கேட்கத் தோன்றும். அந்த இளைஞரின் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டரை மாதம் எவ்வளவு என்று.

அப்படிப்பட்டவர்களுக்குக் கேரளத்தில் ஒரு ஆறுதல் உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், 2003இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியா, 2008இல் மாநில அரசே கொண்டுவந்த கொள்கை என்று வளர்ந்து, இன்று பஞ்சாயத்து அளவில் நர்ஸ்கள் வீடு தேடி வருகிறார்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்ப்பது, மாத்திரை விழுங்க முடியாவிட்டால் என்ன வழி என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நோயைத் தீர்க்க முடியாத இடத்திலும் செய்ய நிறைய இருக்கிறது என்பதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்று இல்லை. முழுதாக எடுக்க முடிந்தால் பலருக்கு அதோடு சரி. மூன்று மாதம் கழித்துக் கிளைக்கு வந்தார். கையெழுத்து பழையபடி முழுதாகத் திரும்பவில்லை. 'ன்' ஒன்றுதான், ஆனால் கொஞ்சம் சாய்ந்திருந்தது. புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கிக் கணக்கில் ஏற்றினேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

கூடவே இருப்பவர்களுக்கு மெதுவான மாற்றம் தெரியாது. தினமும் பார்க்கிற முகம். அந்த அம்மாவும் 'வயசு' என்றுதான் ஆறு மாதம் நினைத்திருக்கிறார். எனக்கு மாற்றம் தெரிந்ததற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை. பல வருடங்களுக்கு முன் போட்ட கையெழுத்து என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். தெரிந்தும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன், கேள்வி கேட்கவில்லை. இரண்டு வாரம் போனது.

ஊரை விட்டு வந்திருக்கும் நாம் எல்லோரும் அப்பா அம்மாவின் பழைய மாதிரிக் கையெழுத்தை மனசில் வைத்திருக்கிறோம். போன லீவில் பார்த்த அப்பா. வாரா வாரம் போனில் கேட்கும் குரல். அந்தக் குரல் வார்த்தைக்குத் தடுமாறினால், கணக்கில் புலியாக இருந்தவர் பால்காரர் பாக்கியைத் தப்பாகச் சொன்னால், கோபக்காரர் திடீரென்று சாதுவானால், சாது திடீரென்று எரிந்து விழுந்தால், அது முதலில் தெரிவது தூரத்தில் இருக்கும் நமக்காகவும் இருக்கலாம். தலைவலி வந்தாலே கட்டி என்று பயப்படாதீர்கள், மிகப் பெரும்பாலான தலைவலி அது இல்லை. ஆனால் புதிதாக வந்து நாளுக்கு நாள் கூடும் தலைவலி, காலையில் வாந்தி, நடு வயதுக்கு மேல் முதல் முறை வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, ஒரு காது மட்டும் கேட்காமல் போவது, குணம் மாறுவது... இவற்றில் எது இருந்தாலும் 'வயசு' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கூட வந்து காட்ட முடியாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரையாவது பைஸ்டாண்டராக அனுப்பிவையுங்கள்.

இப்போதெல்லாம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் நான் சீட்டை உடனே திருப்புவதில்லை. "உட்காருங்க. உடம்பு எப்படி இருக்கு?" என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் கண்ணாடி மறந்து வந்திருப்பார்கள், அல்லது ரப்பர் வெட்டிக் கை வலிக்கும். பரவாயில்லை, கேட்டதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

போன வாரம் அண்ணாச்சி வந்திருந்தார். வட்டியில் மூன்று ரூபாய் குறைகிறதாம். அரை மணி நேரம் சண்டை.

இந்த முறை கணக்கு என் பக்கம்தான் சரி. ஆனால் நான் சொல்லவில்லை.